நாகேஷின் பாத்திரங்கள் எல்லாம் யாரிடமாவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பது ஏன்?

கொட்டகைவாசி

நேற்று இரவு தொலைக்காட்சியில் ‘திருவிளையாடல்’ பாதியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நாகேஷ் நடித்த தருமி கோயிலுக்குள் நின்று தனக்குத் தானே புலம்பும் இடம். ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். நேற்றுதான் ஒன்று கண்ணில் பட்டது. சிரிப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதன் உண்மையாகவே பசியில் இருக்கிறான். ஆயிரம் பொன் என்று சொல்லும்போது தொண்டை வறள்கிறது. கை தானாக வயிற்றுப் பக்கம் போகிறது. நாம் சிரிப்பது பணத்துக்காகத் துடிக்கும் ஓர் ஏழைப் புலவனைப் பார்த்து. ஆனால் அவனைக் கேலி செய்கிறோம் என்ற குற்ற உணர்வு நமக்கு வருவதே இல்லை. அவனோடு சேர்ந்து நாமும் அந்தப் பொற்கிழிக்காகத் தவிக்கிறோம்.

அதன் பிறகு ஒவ்வொரு படமாக யோசித்துப் பார்த்தேன். ‘எதிர்நீச்சல்’ மாது மாடிப்படிக்குக் கீழே குடியிருந்துகொண்டு, பல குடித்தனக்காரர்களுக்கும் எடுபிடி வேலை செய்து அவர்களிடம் சோறு வாங்கிச் சாப்பிடுகிறவன். ‘சர்வர் சுந்தரம்’ சுந்தரம் வேலை கேட்கிறான், வாய்ப்புக் கேட்கிறான், காதலை மட்டும் கேட்கத் தெரியாமல் விழிக்கிறான். ‘காதலிக்க நேரமில்லை’ செல்லப்பா பணக்காரர் வீட்டுப் பிள்ளை. அவனும் படம் எடுக்க அப்பாவிடம் பணம் கேட்டு நிற்கிறான். ‘அன்பே வா’ ராமையா இன்னும் ஒரு படி மேலே போய், பங்களாவின் சொந்தக்காரரிடமே அவருடைய பங்களாவுக்கு வாடகை கேட்கிறார்!

இது தற்செயலா? கதாசிரியர்கள் அவரை அப்படித்தான் பார்த்தார்களா? இல்லை, எந்த வேடத்தைக் கொடுத்தாலும் அதற்குள் இருக்கும் தேவையை அவர் தேடி எடுத்துக்கொண்டாரா? எனக்குக் கடைசியாகச் சொன்னதுதான் சரி என்று படுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தவில்பித்து

நல்ல கேள்வி. ஆனால் உங்கள் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சவடால் வைத்தி எங்கே? ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968 ஜூலையில் வந்தது, ‘எதிர்நீச்சல்’ அதே ஆண்டு டிசம்பரில். ஒரே ஆண்டில் ஒரு மனிதர் வைத்தியாகவும் மாதுவாகவும் வந்திருக்கிறார் என்பதே எனக்கு இன்றும் பிரமிப்பு. வைத்தி பசித்தவன் அல்லன். ஊர்ப் பெரிய மனிதர்களின் பலவீனத்தை விற்றுச் சாப்பிடுகிறவன். சிங்கபுரம் மைனரை ஒருநாள் அழைத்து வருவான், மதன்பூர் மகாராஜாவை இன்னொரு நாள் பிடிப்பான். நாயகியின் அம்மா வடிவாம்பாளின் ஆசையைத் தூண்டிவிட்டுத் தான் ஓரமாக நின்று கணக்குப் போடுவான்.

அந்தப் பாத்திரத்தைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன், கூடவே அருவருப்பும் பட்டிருக்கிறேன். கொத்தமங்கலம் சுப்பு கதையில் படித்த வைத்தியை விட நாகேஷ் காட்டிய வைத்தி எனக்குப் பயமாக இருந்தான். ‘கேட்டு நிற்கும் ஏழை’ என்ற சட்டத்துக்குள் அவனை எப்படி அடைப்பீர்கள்?

கொட்டகைவாசி

ஓட்டைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று: வைத்தியும் கேட்கிறவன்தானே? தனக்காக அல்லாமல் அடுத்தவருக்காகக் கேட்கிறான், அதில் தரகு எடுத்துக்கொள்கிறான். மற்ற பாத்திரங்கள் கூசிக் கூசிக் கேட்பதை இவன் கூச்சமே இல்லாமல் கேட்கிறான். அதனால்தான் அருவருப்பு வருகிறது என்று நினைக்கிறேன். இன்னும் யோசிக்கிறேன்.

அமராவதிக்கரை

எங்கள் ஊர் தாராபுரம். அதனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் பிறந்தது எங்கள் ஊரில், 1933 செப்டம்பரில். கன்னடம் பேசும் குடும்பம். வீட்டில் குண்டுராவ் என்று கூப்பிடுவார்களாம். அந்த ஒல்லி உடம்பை நினைத்துக்கொண்டு இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்!

இளமையில் அம்மை வார்த்து முகம் முழுவதும் தழும்பு. சினிமாவில் நுழைய நினைக்கும் ஒருவருக்கு அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய தடை என்று யோசியுங்கள். கதாநாயகர்கள் எல்லாம் மெழுகுச் சிலை போல இருந்த காலம். சென்னைக்குப் போய் ரயில்வேயில் குமாஸ்தா வேலை. அங்கே ஊழியர்கள் போட்ட நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சின்ன வேடம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு அந்த வயிற்றுவலிக்காரரைத்தான் மேடையில் பாராட்டினார். அப்புறம் ‘டாக்டர் நிர்மலா’ நாடகத்தில் தை தண்டபாணி என்ற வேடம். ‘தை நாகேஷ்’ என்ற பெயர் அதில் வந்து, அதுவே ‘தாய் நாகேஷ்’ என்று மாறிப்போனது.

கவனித்தீர்களா? முதல் புகழே வலியில் துடிப்பதற்குக் கிடைத்த புகழ்தான். வலியைப் பார்த்துச் சபை சிரித்தது. கொட்டகைவாசி சொல்வதற்கு இது பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

1958-இல் ‘மனமுள்ள மறுதாரம்’, 1959-இல் ‘தாமரைக்குளம்’. இரண்டிலும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அந்தக் காலத்தில்தான் கவிஞர் வாலியும் வாய்ப்புத் தேடிச் சென்னையில் அலைந்துகொண்டிருந்தார். இருவரும் ஒன்றாகத் தங்கி, இருந்ததைப் பகிர்ந்துகொண்டு நாளை ஓட்டியவர்கள். பின்னால் ‘சர்வர் சுந்தரம்’ வந்தபோது அதில் ‘அவளுக்கென்ன’ பாட்டை எழுதியவர் வாலி. ஒருகாலத்தில் சாப்பாட்டுக்கு வழி தேடிய இரண்டு நண்பர்கள், ஒருவர் பாட்டெழுத இன்னொருவர் வாயசைக்கிறார். அந்தப் பாட்டு ஓடும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

பாலையா கட்சி

செல்லப்பா பெயர் வந்துவிட்டதால் கேட்கிறேன். ‘காதலிக்க நேரமில்லை’யில் கதை சொல்லும் காட்சியை எல்லாரும் நாகேஷ் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்தக் காட்சி டி.எஸ். பாலையாவுடையது.

ஒலியை முழுவதுமாக நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள், நான் பார்த்தேன். நாகேஷ் சுற்றிச் சுற்றி வருகிறார், கையை விரிக்கிறார், குனிகிறார், நிமிர்கிறார். பாலையா உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார். ஆனால் கண் எங்கே போகிறது? பாலையாவிடம்தான் போகிறது. முதலில் மகன் ஏதோ உளறுகிறான் என்ற அலட்சியம். பிறகு, சரி கேட்டுத்தான் பார்ப்போமே என்ற இறக்கம். பிறகு நாற்காலியிலேயே உடம்பு சுருங்க ஆரம்பிக்கிறது. கடைசியில் பயத்தில் அப்பாவும் இல்லை, எஸ்டேட் முதலாளியும் இல்லை. இருட்டில் மாட்டிக்கொண்ட குழந்தைதான் அங்கே உட்கார்ந்திருக்கிறது. 1936-இல் ‘சதி லீலாவதி’யில் தொடங்கிய மனிதர். இருபத்தெட்டு ஆண்டு அனுபவம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அவர் பயப்படாவிட்டால் நாகேஷ் என்ன செய்திருப்பார்?

மேடைப்பழக்கம்

பாலையா கட்சி அவர்களே, நீங்கள் பார்த்தது முழுக்க உண்மை. ஆனால் அதிலிருந்து வந்த முடிவுதான் எனக்கு ஏற்கவில்லை. நான் இருபது வருடங்களாக ஒரு சின்ன நாடகக் குழுவில் நடிக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

எதிரில் இருப்பவருக்குச் சிரிப்பைக் கொடுத்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்வது மேடையில் மிகக் கடினமான வேலை. நடிகனின் இயல்பே தன் பக்கம் கண்ணை இழுப்பது. நாகேஷ் அந்தக் காட்சியில் பேசிக்கொண்டே இருக்கிறார், எல்லா ஓசையும் அவரே எழுப்புகிறார், நகர்ந்துகொண்டே இருக்கிறார். ஆனால் ஒவ்வொரு நகர்வும் நம் கண்ணைப் பாலையா பக்கம் தள்ளிவிடுகிறது. கதையின் பயங்கரம் கூடும் இடத்தில் அவர் ஒரு நொடி நிறுத்துகிறார், பார்த்தீர்களா? அந்த ஒரு நொடி பாலையாவுக்கான இடம். அவர் பயந்து முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த சொல்லை எடுக்கிறார்.

தமிழில் ‘கேட்டல்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வேண்டிக் கேட்பது ஒன்று, காதால் கேட்பது இன்னொன்று. கொட்டகைவாசி முதல் பொருளைப் பிடித்துக்கொண்டார். நான் இரண்டாவதைச் சொல்கிறேன்: நாகேஷ் எதிரில் இருப்பவரைக் கேட்கும் நடிகர். தருமிக்கே வாருங்கள். இறைவன் புலவர் வேடத்தில் வந்து நிற்கிறார். தருமி தனக்குக் கேட்க மட்டுமே தெரியும் என்று ஒப்புக்கொண்டு கேள்விகளாக அடுக்குகிறான். சிவாஜி ஒவ்வொன்றுக்கும் கம்பீரமாகப் பதில் சொல்கிறார். அந்தப் பதில்கள் வரும்போது நாகேஷின் முகத்தைப் பாருங்கள். முதல் பதிலில் சந்தேகம், அடுத்ததில் ஆச்சரியம், அதற்கடுத்ததில் இவனை விடக்கூடாது என்ற பிடிப்பு. கேட்கிற வேகமும் பதிலுக்குப் பதில் மாறுகிறது. முன்கூட்டியே மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் நடிகருக்கு இது வராது. காதில் விழுந்த பிறகுதான் முகம் மாறுகிறது.

அந்தக் காட்சிகளை ஒன்றரை நாளில் எடுத்தார்கள். கோயிலில் தனியாகப் புலம்புவது அவரே அங்கேயே சேர்த்துக்கொண்டது. தன்னைவிட நாகேஷ் மேலோங்கி நிற்கும் இடம் என்று தெரிந்தும், அதில் எதையும் வெட்டக்கூடாது என்று ஏ.பி. நாகராஜனிடம் சொன்னவர் சிவாஜி. பெரிய நடிகர்களின் பெருந்தன்மைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நாகேஷ் பாலையாவுக்கு இடம் விட்டார், சிவாஜி நாகேஷுக்கு இடம் விட்டார்.

பாலையா கட்சி

அந்த ஒரு நொடி நிறுத்தத்தை நான் கவனிக்கவே இல்லை. இப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது. மனம் நிறைந்த நன்றி. ஆனாலும் காட்சி பாலையாவுடையதுதான். நாகேஷ் அவருக்குக் கொடுத்தது என்று மட்டும் திருத்திக்கொள்கிறேன்.

சப்ளையர் மகன்

இந்தக் குழுமத்தில் மூன்று ஆண்டுகளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதுதான் என் முதல் பதிவு.

என் அப்பா மதுரையில் ஓர் ஓட்டலில் முப்பத்தொரு வருடம் சப்ளையராக இருந்தார். காலை நான்கு மணிக்கு எழுந்து போவார். இரவு அவர் வரும்போது சட்டையில் சாம்பார் வாசனையும் காபித்தூள் வாசனையும் கலந்து வரும். பள்ளியில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் ‘ஓட்டலில் இருக்கிறார்’ என்று மட்டும் சொல்வேன். முதலாளி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று ஓர் ஆசை. அதை நினைத்தால் இப்போது வலிக்கிறது.

அப்பா சினிமாவே பார்க்க மாட்டார், தூக்கம்தான் வரும். ‘சர்வர் சுந்தரம்’ மட்டும் விதிவிலக்கு. எங்கே போட்டாலும் போவார், என்னையும் கூட்டிக்கொண்டு போவார். நாகேஷ் கோப்பைகளைத் தூண் போல அடுக்கிக்கொண்டு வளைந்து வளைந்து நடந்து வரும் காட்சியில் கொட்டகையே கைதட்டும். அப்பா கைதட்ட மாட்டார். முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வேலை கற்றுக்கொள்கிற பையனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். ஒருமுறை கேட்டேன், இப்படித் தூக்க முடியுமா என்று. ‘இப்படித் தூக்கினால் கல்லாவில் இருப்பவர் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். ஆனால் நடை பொய்யில்லை. கை நிறைந்திருக்கும்போது இடுப்புதான் வழி பார்க்கும். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது’ என்றார்.

ஒரு சர்வர் கதாநாயகனாக இருக்கும் படம் வந்தது என்பதே அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வரும் நாளில் மட்டும் அவர் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார். எனக்கு வேறு ஆராய்ச்சி எல்லாம் தெரியாது. நாகேஷ் என் அப்பாவுக்குச் செய்தது இது.

அமராவதிக்கரை

தம்பி, படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. அப்பா நலமாக இருக்கிறாரா?

சப்ளையர் மகன்

இருக்கிறார் ஐயா. எண்பதைத் தாண்டிவிட்டார். இன்னமும் நான்கு மணிக்கு எழுந்துவிடுகிறார்.

கொட்டகைவாசி

சப்ளையர் மகன், உங்கள் பதிவுக்குப் பிறகு என் கேள்வி சின்னதாகத் தெரிகிறது. ஆனால் நீங்கள் சொன்னதிலிருந்தே தொடர்கிறேன். ‘சர்வர் சுந்தரம்’ முதலில் நாடகம். எழுதிய பாலசந்தர் அப்போது அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் குமாஸ்தா. நாகேஷ் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். மாதச் சம்பளத்தில் கையைக் கட்டிக்கொண்டு வாழ்வது என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியும். அடுத்த ஆண்டு பாலசந்தர் இயக்குநராக வந்த ‘நீர்க்குமிழி’யிலும் நாகேஷ்தான் நாயகன்: ஆஸ்பத்திரிப் படுக்கையில் புற்றுநோயோடு இருந்துகொண்டு சுற்றியிருப்பவர்களைச் சிரிக்க வைக்கும் சேது. பிறகு ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘பாமா விஜயம்’, ‘அனுபவி ராஜா அனுபவி’, ‘எதிர்நீச்சல்’. அந்த நான்கைந்து ஆண்டுகளில் இவர்கள் இருவரும் சேர்ந்து செய்ததை வேறு எந்த இயக்குநரும் நகைச்சுவை நடிகரும் சேர்ந்து செய்ததாக எனக்கு நினைவில்லை.

ஜெயகாந்தனை மறந்துவிடக்கூடாது. ‘யாருக்காக அழுதான்’ படத்தை 1966-இல் அவரே இயக்கியபோது, திருட்டுப் பழி சுமத்தப்படும் ஜோசப்பாக அவர் தேர்ந்தெடுத்தது நாகேஷை. தமிழ்நாடே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த முகத்தில் ஓர் எழுத்தாளருக்கு அழுகை தெரிந்திருக்கிறது.

மல்லிகைப்பந்தல்

இவ்வளவு பேர் எழுதியும் மனோரமாவின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லையே! ‘அனுபவி ராஜா அனுபவி’யில் ‘முத்துக்குளிக்க வாரீகளா’ பாட்டை யார் நாகேஷோடு ஆடினார்கள்? அந்த ஆட்டத்தில் தூத்துக்குடி இருக்கிறது, கடற்காற்று இருக்கிறது. நாகேஷின் உடம்பு ரப்பர் போல எங்கெங்கோ போகும்போது, மனோரமா காலைத் தரையில் ஊன்றி நின்று அதைத் தாங்குகிறார். பாலையாவுக்கும் சிவாஜிக்கும் கொடுத்த மரியாதையை அவருக்கும் கொடுங்கள். சச்சுவுக்கும் கொடுங்கள். செல்லப்பா கதாநாயகியாக்கத் தேடிப் பிடிக்கும் பெண்ணாக அவர் நின்ற நிற்பு இல்லாவிட்டால் செல்லப்பாவின் படக் கம்பெனியான ஓஹோ புரொடக்ஷன்ஸ் ஏது?

இன்னொன்றையும் பதிந்துவிடுகிறேன். இந்தித் திரையில் மெஹ்மூத் எவ்வளவு பெரிய நகைச்சுவை நடிகர் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் நாகேஷின் வேடங்கள் நான்கை இந்தியில் ஏற்றிருக்கிறார். ‘காதலிக்க நேரமில்லை’ ‘பியார் கியே ஜா’ ஆனது, ‘சர்வர் சுந்தரம்’ ‘மைன் சுந்தர் ஹூன்’ ஆனது, ‘எதிர்நீச்சல்’ ‘லாகோன் மே ஏக்’ ஆனது, ‘அனுபவி ராஜா அனுபவி’ ‘தோ ஃபூல்’ ஆனது. வடநாட்டின் முதல்தர நகைச்சுவை நடிகர் தன் நல்ல வேடங்களைத் தேட நம் தாராபுரத்துக்காரரின் சுவடு வழியாக வந்தார் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை நம் ஆட்களே சொல்லிக்கொள்வதில்லை.

தவில்பித்து

மல்லிகைப்பந்தல் அக்கா, இந்த நான்கு என்ற கணக்கு எனக்குப் புதிது. எடுத்து வைத்துக்கொண்டேன்.

நான் இப்போது கசப்பான ஒன்றைச் சொல்லப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் பத்துப் படங்களைச் சுற்றிச் சுற்றி வருகிறோம். அவர் நடித்ததோ நூற்றுக்கணக்கில். அறுபதுகளின் நடுவில் ஒரே நாளில் ஒரு படப்பிடிப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருந்தார். அதில் பாதிக்கு மேல் கதையோடு ஒட்டாத நகைச்சுவைத் துண்டுகள். நாயகன் சண்டை போட்டு முடித்துவிட்டு இளைப்பாறும் இடைவெளியில் கொஞ்சம் சிரிக்க வைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். நாயகனுக்கு நண்பன், நாயகியின் வீட்டு வேலைக்காரன், கணக்குப்பிள்ளை, இப்படியே போகும். எவ்வளவு பெரிய நடிகரை எவ்வளவு சின்ன வேலைக்குப் பயன்படுத்தியது நம் சினிமா! எழுபதுகளில் காற்று மாறியது. தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று புதியவர்கள் வந்தார்கள். நாகேஷுக்கு என்ன வேடம் கொடுப்பது என்றே யாருக்கும் தெரியவில்லை. நாற்பதைத் தாண்டிய ஒரு மாபெரும் நடிகர் வேலைக்குக் காத்திருந்தார். எனக்கு இது இன்னமும் ஆறவில்லை.

மேடைப்பழக்கம்

ஆறாதுதான். ஆனால் அந்தத் துண்டுகளையும் அப்படித் தள்ளிவிடாதீர்கள். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ 1962-இல் வந்தது. ஒரே ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் சோகக்கதை. மூன்று பேருடைய துயரம் மாறி மாறி நெஞ்சை அடைக்கிறது. அதில் வார்டுபாயாக நாகேஷ் வருகிறார். அவர் வராவிட்டால் அந்தப் படத்தில் மூச்சுவிட முடியாது. துயரத்தைக் கலைக்காமல் சிரிக்க வைத்துவிட்டுப் போகிறார். சோகம் நடக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் எப்படிச் சிரிக்க வேண்டும் என்ற அளவு அவருக்குத் தெரியும்.

அவருக்கு முன்னால் தங்கவேலு இருந்தார். பேச்சிலேயே ஆளை மடக்கிவிடுவார். சந்திரபாபு இருந்தார், ஆட்டத்திலும் பாட்டிலும் அவருக்கு நிகர் இல்லை. நாகேஷிடம் சொல்லும் உடம்பும் ஒன்றாகவே கிளம்பின. வாய் ஒன்று சொல்லும், முழங்கால் அதை மறுக்கும். தைரியமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே கால் ஓடத் தயாராகிவிடும். இதை நான் மேடையில் செய்து பார்க்க எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். வாயைக் கவனித்தால் கால் நின்றுவிடுகிறது, காலைக் கவனித்தால் வசனம் மறந்துவிடுகிறது.

கொட்டகைவாசி

வேலைக்குக் காத்திருந்த அந்தக் காலத்தில்தான் ‘அபூர்வ ராகங்கள்’ வந்தது, 1975-இல். குடிகார டாக்டர். சுவரில் விழும் தன் நிழலைப் பார்த்து மதுக்கிண்ணத்தை உயர்த்தும் இடம். அந்தக் காட்சியை என் கேள்வியோடு வைத்துப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் யாரிடமாவது கேட்டுக்கொண்டிருந்த முகம், இப்போது கேட்க ஆளில்லாமல் தன் நிழலிடம் போய் நிற்கிறது.

அப்புறம் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய மூன்று படங்கள். 1989-இல் ‘அபூர்வ சகோதரர்கள்’. அதில் தர்மராஜ் என்ற வில்லன். யாரிடமும் எதையும் கேட்க மாட்டான், எடுத்துக்கொள்வான். அந்தச் சிரிப்பைக் கண்டு பயந்தவர்களில் நானும் ஒருவன். 1990-இல் ‘மைக்கேல் மதன காம ராஜன்’. அதில் அவிநாசி, வைத்தியின் தூரத்து உறவு. திருடவும் ஆசை, மாட்டிக்கொள்ளவும் பயம். 1994-இல் ‘மகளிர் மட்டும்’. அதில் பிணம்.

பிணமாக நடித்ததற்கு ஒரு நடிகரைப் பாராட்டுவது எப்படி என்று கேட்கிறவர்கள், மூன்று பெண்கள் அந்த உடலை வைத்துக்கொண்டு படும் பாட்டை இன்னொருமுறை பார்க்க வேண்டும். சாய்த்தால் சாய்கிறது, நிமிர்த்தினால் நிமிர்கிறது. எந்தத் தசையும் உதவி செய்யவில்லை. நாற்பது வருடங்களாக ஒரு நொடிகூட சும்மா இருக்காத உடம்பு அது. கை, கால், புருவம், தோள் எல்லாமே பேசிப் பழகிய உடம்பு. அதை அப்படியே அணைத்துவைத்துவிட்டார். எதையும் கேட்காத, எதுவும் காதில் விழாத ஒரு பாத்திரம். மேடைப்பழக்கம் சொன்ன இரண்டு ‘கேட்ட’லும் இல்லை. அப்போதும் கொட்டகை சிரித்தது.

அதே ஆண்டு ‘நம்மவர்’. கல்லூரி ஆசிரியர், மகளைப் பறிகொடுத்த அப்பா. அதற்குத்தான் சிறந்த துணை நடிகர் என்ற தேசிய விருது கிடைத்தது.

அமராவதிக்கரை

விருது என்றதும் என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். மாநில அரசு கலைமாமணி கொடுத்தது. மத்திய அரசின் பத்ம விருது எதுவும் கடைசிவரை வரவில்லை. 2009 ஜனவரி 31 அன்று போய்விட்டார். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ‘தசாவதார’த்தில் ஷேக் முக்தாராக அவரைப் பார்த்தபோது குரல் தளர்ந்திருந்தது, கண் தளரவில்லை. வாழும்போதே கையில் கொடுத்திருக்க வேண்டிய மரியாதை அது. யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லையே என்ற ஆற்றாமையில் எழுதுகிறேன்.

தவில்பித்து

ஐயா, அந்த ஆற்றாமையில் எங்களுக்கும் பங்கு உண்டு.

கொட்டகைவாசி, வைத்தியைப் பற்றி நீங்கள் சொன்ன பதிலை இரண்டு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். கூச்சமில்லாமல் கேட்பவன் என்றீர்கள். படத்தை மீண்டும் பார்த்தேன். வடிவாம்பாளிடம் பேசும்போது அவன் குரல் தாழ்கிறது, தலை ஒருபக்கம் சாய்கிறது. தருமி இறைவனிடம் சாய்ந்த அதே சாய்வு. தருமியின் பசிக்கும் வைத்தியின் பேராசைக்கும் நாகேஷ் ஒரே உடம்பசைவை வைத்திருக்கிறார். இனி உங்கள் பட்டியலில் வைத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் தடுக்க மாட்டேன்.

கொட்டகைவாசி

இதை நான் பார்க்கவே இல்லை! ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் வரும் தருமி, தாய் தந்தையை இழந்த இளம் பிரமச்சாரி. கல்யாணம் செய்துகொள்வதற்காகப் பொருள் வேண்டி நிற்கிறான். படத்தில் வரும் தருமியோ வறுமையில் நைந்துபோன புலவன். புராணத் தருமிக்கு ஆசை, நாகேஷின் தருமிக்குப் பசி. இப்போது தருமி என்று சொன்னால் புராணம் படித்தவர்களுக்கும் நாகேஷின் முகம்தான் வருகிறது. பழைய பாத்திரத்துக்குத் தன் முகத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சப்ளையர் மகன்

நீங்கள் எல்லாரும் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நேற்று ராத்திரி ‘சர்வர் சுந்தரம்’ போட்டோம். பாதியில் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன், தூங்கவில்லை. சுந்தரம் பெரிய நடிகனாகி, அம்மாவைப் பறிகொடுத்து, எல்லாம் முடிந்து கடைசியில் மறுபடியும் சர்வராக வந்து நிற்கும் இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அவ்வளவு புகழ் பெற்றவன் திரும்பி வருவானா? அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ‘வருவான். அங்கேதான் அவனுக்கு எல்லா டேபிளும் தெரியும்’ என்றார்.

அப்புறம் எழுந்து சமையலறைக்குப் போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரே கையில் விரலிடுக்கில் நான்கு டம்ளர் பிடிப்பது எப்படி என்று என் பையனுக்குக் காட்ட ஆரம்பித்தார். விரல்கள் இப்போது அவ்வளவு விரிவதில்லை. மூன்றுதான் நின்றது. நான்காவதை என் பையன் பிடித்துக்கொண்டான்.